கடைசிப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கட்டும்

ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பணியாளர் பிரிவு என் பொறுப்பு. வேலைக்குச் சேருகிறவர்களின் ஆதார், பான், பி.எஃப். காகிதமெல்லாம் என் மேசைக்கு வரும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு ஆதாரில் ‘நாகராஜ் எம்’, பான் கார்டில் ‘நாகராஜ் முனியப்பா’. அவன் விண்ணப்பித்த பான் படிவத்தில் இனிஷியல் போடக் கூடாது, விரித்தெழுத வேண்டும். கடைசிப் பெயர்க் கட்டத்தையும் காலியாக விட முடியாது. அதனால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. நாளை அவன் மகனுக்கு நாகராஜ்தான் குடும்பப் பெயர். அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்றால் அது என்ன குடும்பப் பெயர்? ஆதாரில் ஒரு மாதிரி, பி.எஃப். கணக்கில் ஒரு மாதிரி என்றாகிவிட்டால், அவசரத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போது கூட்டு உறுதிமொழிப் படிவம், கம்பெனி கையெழுத்து என்று அலைய வேண்டிவரலாம்.

இத்தனைக்கும் எங்கள் எல்லைப்புற ஜனங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் இல்லை. ஓசூர், பாகலூர், வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் இண்டிபேரு, அதாவது வீட்டுப் பெயர், உண்டு. சம்பந்தம் பேசப் போனால் அதைத்தான் முதலில் விசாரிப்பார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே இண்டிபேரு என்றால் அண்ணன் தங்கை முறை. பேச்சு அத்தோடு முடிந்தது. ஆந்திராவில் அந்தப் பெயரே இனிஷியலாக முன்னால் நிற்கும். இங்கே பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டுப் பழகியதால், வீட்டுப் பெயர் வாய்ப்பேச்சிலேயே தங்கிவிட்டது. காகிதத்தில் ஏறியதற்கும் உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜியின் இனிஷியல் ‘சி’, சக்கரவர்த்தி. அவருடைய தந்தை பெயர் வெங்கடார்யர். சக்கரவர்த்தி என்பது குடும்பப் பெயர்.

அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனால் வழக்கமே வேறு. எச்.டி. தேவகவுடாவின் ‘எச்’ ஹரதனஹள்ளி என்ற ஊர், ‘டி’ அவருடைய அப்பா தொட்டேகவுடா. ஜார்க்கண்டிலிருந்து இங்கே வேலைக்கு வரும் சந்தாலிப் பெண்களின் பெயருக்குப் பின்னால் முர்மு, டுடு, சோரன், கிஸ்கு என்று வரும். அவை அவர்களுடைய குலங்கள்; ஒரே குலத்துக்குள் அவர்களும் பெண் கொடுத்து எடுப்பதில்லை. நம் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முகூட, பிறந்த வீட்டில் டுடு.

இத்தனை வழக்கத்தையும் ‘முதல் பெயர், கடைசிப் பெயர்’ என்று இரண்டே கட்டத்தில் திணிப்பது அநியாயம். எனக்கு வயிறு எரிவது இன்னொரு காரணத்துக்காக. கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்றதும், “சாதிப் பட்டத்தைப் போட்டுடட்டுமா சார்?” என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மாநிலம் இது. பெரியாரும் ‘நாயக்கர்’ என்பதை விட்டார். கவுடா, ரெட்டி என்று பரம்பரையாகப் பெயரோடு வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அப்படி எதுவுமே போடாத வீட்டுப் பிள்ளையை ஒரு படிவம் அந்தப் பக்கம் தள்ளக் கூடாது.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட இப்போதே வழி இருக்கிறது. ஆனால் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்ததும் பலர் பதறினார்கள். பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அயல்நாடே அவ்வளவுக்கு இறங்கிவரும்போது நம்முடைய துறைகளுக்கும் வங்கிகளுக்கும் என்ன தடை?

ஓசூர் கம்பெனிகள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. சேர்க்கைப் படிவத்தில் பெயருக்கு ஒரே கட்டம் போதும். அதில் ஆதாரில் இருப்பதை எழுத்து மாறாமல் எழுதலாம். அப்பா அல்லது அம்மா பெயருக்குத் தனிக் கட்டம் வைக்கலாம். கம்ப்யூட்டர் மென்பொருள் கடைசிப் பெயர் கேட்டு அடம்பிடித்தால், அதை விற்றவர்களைக் கூப்பிட்டு மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.