வரப்புக்கு அந்தப் பக்கம் பாதி வெள்ளாமை



நம்ம ஆட்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். பஞ்சகவ்யம் எத்தனை நாள் ஊறணும், தூயமல்லி எத்தனை மூட்டை கண்டது, பலதானியம் எப்போ விதைக்கலாம், மூடாக்குப் போட்ட பிறகு மண்புழு எப்படி ஏறி வந்தது. நல்ல பேச்சுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இதெல்லாம் வரப்புக்கு உள்ளே நடக்கிற சங்கதி. வரப்புக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பற்றி நாம் பேசுவது ரொம்பக் குறைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருது? ஏரியிலிருந்து. ஏரிக்கு? வரத்து வாய்க்காலிலிருந்து. அந்த வாய்க்கால் உங்கள் பட்டாவில் இல்லை. கிணற்றுப் பாசனம் என்றாலும் ஏரியில் தண்ணீர் நின்றால்தான் கிணற்றில் ஊறும். சாணமும் கோமியமும் கொடுக்கிற நாட்டு மாடு எங்கே மேயுது? மேய்ச்சல் புறம்போக்கில். அதுவும் உங்கள் பட்டாவில் இல்லை. பூச்சிக்குப் பதில் சொல்கிற குளவியும் தட்டானும், எலிக்குப் பதில் சொல்கிற ஆந்தையும் ஏரிக்கரைப் பனையிலும் ஊர்த் தோப்பிலும் குடியிருக்குது. வண்டல் எடுக்கிற இடமும் பொது, அதை வண்டியில் கொண்டு வருகிற தடமும் பொது. ஆக, நம்ம வெள்ளாமையில் பாதி ஊர்ப் பொதுவில் கிடக்குது. அந்தப் பாதியைப் பற்றி முடிவெடுக்கிற இடம் கிராம சபை. அங்கே நம்மில் எத்தனை பேர் போகிறோம்?

அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. இதன்படி கிராம சபை என்பது தலைவரும் வார்டு உறுப்பினர்களும் கூடுகிற கூட்டம் இல்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்ததுதான் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த நாலு கூட்டங்களோடு, 2022-ல் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறு ஆயிற்று. ஊருக்காக வருசத்தில் ஆறு நாள்.

அந்த ஆறு நாளும் யார் வருகிறார்கள்? நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் வருகிறார்கள். வீடு கேட்டு மனு எழுதியவர்கள், தெருக்குழாயில் தண்ணீர் வராதவர்கள் வருகிறார்கள். நிலம் வைத்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் வருவதில்லை. கேட்டால், "அது நூறு நாள் வேலைக்காரங்க கூட்டம்ங்க, நமக்கு அங்க என்ன சோலி?" என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தால் நாம் இழந்தது கொஞ்சநஞ்சம் இல்லை.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து ஊர்க் குப்பையை எங்கள் மேய்ச்சல் புறம்போக்கில் கொட்டுவதற்கு ஒரு யோசனை வந்தது. கிராம சபையில் பொருளாக வைத்தார்கள். கால் காணி நிலம்கூட இல்லாத, ஆடு வளர்க்கிற ஒரு அம்மாதான் முதலில் எழுந்தார். "எங்க தெருவுல மட்டும் இருநூறு உருப்படிக்கு மேல இருக்குங்க. இந்த இடத்துல குப்பை கொட்டிட்டா அதுகள எங்க ஓட்டுறது? உங்க வயல்லயா மேய்க்கிறது?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. சிரித்து முடித்த பிறகுதான், கேட்டது எவ்வளவு சரி என்று உறைத்தது. அந்தப் பட்டிதான் கோடையில் நம்ம வயலில் கிடை போடுது. அந்தக் கிடைக்காக நாம்தான் தேடி அலைகிறோம். குப்பைமேட்டிலிருந்து மழைக்கு வழிகிற தண்ணீர் போய்ச் சேருகிற இடமும் நம்ம ஏரிதான். குப்பை வேண்டாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. கூட்டம் கலைகிற நேரத்தில் தீர்மானப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தோம். "குப்பை மேலாண்மை குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒரே ஒரு வரி இருந்தது. வேண்டாம் என்று சொன்னது எங்கேயும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து, புல எண்ணைப் போட்டு, "மேய்ச்சல் நிலத்தில் குப்பை கொட்ட இந்தச் சபை சம்மதிக்கவில்லை" என்று எழுத வைத்து, அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டோம். இன்றுவரை அங்கே ஒரு லாரிக் குப்பையும் விழவில்லை. கோப்பு மூடப்படவும் இல்லை. அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த வரியை ஒருமுறை வாசித்துவிட்டு வருகிறோம்.

"தீர்மானம் வெறும் காகிதம், அதை யார் மதிக்கிறா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் எத்தனையோ கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். அரசு அதைக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டுவிடவில்லை. மறுபக்கத்தையும் பார்ப்போம். கேரளத்தில், நம்ம எல்லையை ஒட்டி, தமிழ் பேசுகிற மக்களும் வாழ்கிற பிளாச்சிமடாவில் கோக்கோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியது. மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் 2002-ல் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். பெருமாட்டி ஊராட்சி 2003-ல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய் இழுத்தது. ஆனாலும் 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளிடம் கேளுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் கூடாது என்றன. மலை இன்னும் மலையாகவே நிற்குது.

ரொம்பத் தூரம் போக வேண்டாம். மதுரை மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அந்தப் பகுதி போனது. அந்த மாதம் 23-ம் தேதி கூடிய கிராம சபையில் மக்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7-ல் மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். 2025 ஜனவரி 23-ல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபைத் தீர்மானம் மட்டுமே இதைச் செய்ததா? இல்லை. போராட்டமும் நடைப்பயணமும் சேர்ந்துதான் செய்தது. ஆனால் "ஊர் என்ன சொல்லுது?" என்று எவன் கேட்டாலும் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் கையில் இருந்தது. தீர்மானம் மட்டும் இருந்தால் போதாது. அது இல்லாமல் போனால், "ஊர்க்காரங்க ஒண்ணும் சொல்லலையே" என்று அடுத்தவன் எழுதிவிடுவான்.

இன்னொரு பேச்சும் உண்டு: "தலைவரே இல்ல, அப்புறம் என்ன சபை?" 2016-ல் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில் தேர்தல் நடக்கும்வரை மூன்று வருசம் தனி அலுவலர்கள்தான் இருந்தார்கள். 2025 ஜனவரி 5-ல் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தபோதும் தனி அலுவலர்களே வந்தார்கள். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை முடிக்கணும் என்று அரசியல் சட்டம் சொல்லுது. அதைக் கேட்டு வாங்க வேண்டியது தனி வேலை. ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். தலைவருக்குப் பதவிக்காலம் உண்டு, வார்டு உறுப்பினருக்கும் உண்டு. கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது. வாக்காளர் பட்டியல் இருக்கிறவரைக்கும் அதுவும் இருக்குது. கேள்வி கேட்கத் தலைவர் இல்லாத காலத்தில் ஊர்க்காரர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பது?

கிராம சபை என்றதும் பல பேர் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. ஏரி வாரியம் என்று ஏரிக்கென்றே தனிக் குழு, தோட்ட வாரியம் என்று இன்னொன்று. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவுக்காரனும் குடவோலையில் பெயர் போட முடியாது. நாம் படிக்க வேண்டிய பாடம்தான். ஆனால் அந்தச் சபையில் உழுதவன் இருந்தானா? நடவு நட்ட பெண் இருந்தாளா? இல்லை. நிலமும் வேதப் படிப்பும் இருந்தவர்களின் சபை அது. இன்றைய கிராம சபையில் ஆடு மேய்க்கிற அம்மாவும் பத்து ஏக்கர்க்காரரும் ஒரே பாயில் உட்காரலாம். பழைய சபையைவிட இது பெரிது. அதைத்தான் நாம் வெயிலுக்குப் பயந்து காலியாக விட்டுவிட்டு வருகிறோம்.

ஒரே பாயில் உட்காரலாம் என்றேன். உட்காருகிறார்களா? எப்போதும் ஊர்த்தெருக் கோயில் மண்டபத்திலேயே கூட்டம் வைத்தால் காலனிக்காரர்கள் ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். கூட்டம் ஒருமுறை ஊர்த்தெருவில், அடுத்த முறை காலனியில் என்று மாற்றி மாற்றி நடக்கட்டும். அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் நிலம் வைத்திருக்கிற நாம்தான். "வேலைக்கு ஆள் வர்றதில்ல" என்று டீக்கடையில் புலம்புகிறோம். 2005-ல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தபோதே, எந்த வேலையை எடுப்பது என்பதில் கிராம சபையின் பரிந்துரைக்கு இடம் இருந்தது, சமூகத் தணிக்கையும் சபையின் கையில் இருந்தது. நாம் போய், அந்தப் பெண்களோடு உட்கார்ந்து, எந்த வாய்க்காலைத் தூர்வாரலாம், எந்த மேட்டில் கல்வரப்புப் போடலாம் என்று பேசியிருந்தால் புலம்பல் பாதி குறைந்திருக்கும்.

சரி, அடுத்த சபைக்கு என்ன கொண்டு போகலாம்? எழுதி எடுத்துப் போக மூன்று பொருள் சொல்கிறேன்.

முதலாவது தண்ணீர். ஊருணி, குட்டை ஊராட்சியைச் சேர்ந்தவை. 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். அதற்கு மேல் நீர்வளத் துறை. உங்கள் ஏரி யாரிடம் இருக்குது என்று முதலில் தெரிந்து கொள்ளுங்கள். வரத்து வாய்க்காலை அளந்து கல் நடவும், கணக்கைச் சபையில் வைக்கவும் தீர்மானம் கேளுங்கள். 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, தூய்மைப் பணிக்கென்றே கட்டப்பட்டது. அது எங்கே போனது என்று கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாவது பொது நிலம். மேய்ச்சல் நிலம், களம், மந்தை, தோப்பு, சுடுகாடு எல்லாவற்றையும் புல எண்ணோடு பட்டியலிட்டுப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பொது நிலத்தில் இருக்கிற ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊருக்கே திருப்பிக் கொடுக்கணும் என்று 2011 ஜனவரி 28-ல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டிருக்குது. கூடவே, சாலை ஓரத்திலும் ஏரிக்கரையிலும் பள்ளிக்கூட வளாகத்திலும் களைக்கொல்லி அடிக்கக் கூடாது, அரிவாளும் மண்வெட்டியும் போதும் என்று ஒரு வரி சேருங்கள். அடுத்த வயல்காரரை நாம் கட்டாயப்படுத்த முடியாது. ஊர் தன் சொந்த இடத்தில் நஞ்சு வேண்டாம் என்று முடிவெடுப்பதை யார் தடுப்பார்கள்?

மூன்றாவது பல்லுயிர்ப் பதிவேடு. 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்கணும். பல ஊர்களில் குழு இருப்பது குழு உறுப்பினருக்கே தெரியாது. உங்கள் ஊரில் எவர் வீட்டில் எந்த நெல் விதை இருக்குது, எந்தக் கீரை தானாக முளைக்குது, எந்த மூலிகை எந்தக் கரையில் கிடைக்குது என்று ஊர்க்காரர்கள் வாயால் சொல்லி எழுதணும். வெளியாள் வந்து ஒரு நாளில் நிரப்பி விட்டுப் போகிற படிவம் இல்லை அது. நம்ம விதையை வேறு எவனாவது தன்னுடையது என்று சொல்லி வந்தால், எதிர்த்து நிற்க அந்தப் பதிவேடு வேண்டும்.

போகும்போது தனியாகப் போகாதீர்கள், பத்து பேராகப் போங்கள். மூன்று பொருளையும் எழுதிக் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தீர்மானத்தை எழுதி முடித்து வாசித்த பிறகுதான் நீங்கள் கையெழுத்துப் போடணும். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால், "வாசிங்க, அப்புறம் போடுறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்குது.

நாலஞ்சு மணி நேரம் ஆகும். ஒரு களை எடுப்பு தள்ளிப் போகும். பரவாயில்லை. தேதி சில சமயம் தள்ளிப் போவதுண்டு, அதனால் ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். உங்கள் ஊரில் நிறைவேறிய தீர்மானத்தின் நகலை நம்ம இதழுக்கும் ஒன்று அனுப்புங்கள். ஒரு ஊர் எழுதியதைப் பார்த்து அடுத்த ஊர் எழுதட்டும்.