கடைக்காரர் பார்க்கும் வரைபடத்தை நாம் ஏன் பார்ப்பதில்லை?



ஒரு வட்டாரத்தில் பேரங்காடியோ துரித உணவகமோ திறக்கப்படுவதற்கு முன்னர் என்ன நடக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அங்கு எத்தனைக் குடும்பங்கள் வாழ்கின்றன, அவர்களின் வயதென்ன, வருமானமென்ன, அருகில் வேறு கடை உண்டா என்பனவற்றையெல்லாம் பெருவணிகர்கள் வரைபடத்தில் இட்டுப் பார்க்கின்றனர். அதன் பின்னரே இடத்தை வாடகைக்கு எடுக்கின்றனர். பொரித்த கோழி விற்பதற்கே இத்துணை ஆய்வு! தமிழ்ப்பள்ளியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போதோ நம் கையில் வரைபடம் இருப்பதில்லை. பெருமூச்சு மட்டுமே இருக்கிறது.

2000-ஆம் ஆண்டுகளின் இறுதியில் நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயின்றனர். இன்று அவ்வெண்ணிக்கை 80,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. 150 மாணவர்கள்கூட இல்லாமல் 'குறைந்த மாணவர் பள்ளி' என்னும் பட்டியலில் நிற்கும் பள்ளிகள் பல. இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "பெற்றோருக்கு மொழிப்பற்று இல்லை."

அஃது ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், வேறு இரண்டு காரணங்களையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, நம் குடும்பங்களில் குழந்தைப் பிறப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. இரண்டாவது, தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது மக்கள் நகரத்துக்கும் புறநகர்க்கும் குடிபெயர்ந்தனர்; பள்ளிக் கட்டடமோ பல இடங்களில் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. இல்லாத குழந்தையைப் பதியவில்லை என்று யாரைக் குறை கூறுவது? முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் குடியேறிவிட்ட தாயிடம் போய் மொழிப்பற்றைப் பற்றி உரையாற்றுவதா?

எந்தப் பள்ளிக்கு எந்தக் காரணம் பொருந்தும் என்பதை அறிய இன்று பணம் செலவழிக்க வேண்டியதில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முடிவுகளை ஒட்டிப் புள்ளிவிவரத் துறை 'கவாசான்கு' என்னும் இணையத்தளத்தை 2022-இல் தொடங்கியது. 'என் வட்டாரம்' என்பது அதன் பொருள். மாவட்டம், நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி எனப் பிரித்து, மக்கள்தொகை, இனம், வயது, வருமானம் முதலியவற்றை வரைபடத்தோடு அது காட்டுகிறது. அத்துறையின் 'ஓப்பன்டோசம்' தளத்தில் மாவட்டவாரியாக, இனவாரியாக, ஐந்தாண்டு வயதுப் பிரிவுகளாக மக்கள்தொகைத் தரவு கிடைக்கிறது. உங்கள் மாவட்டத்தில் இன்று 0 முதல் 4 வயது வரையுள்ள இந்தியக் குழந்தைகள் எத்தனை பேர்? அடுத்த சில ஆண்டுகளில் முதலாம் ஆண்டு வகுப்பில் அமரக்கூடியவர்கள் அவர்களே.

ஆயினும், வரைபடம் வண்ணத்தால் ஏமாற்றவும் செய்யும். மூன்று எச்சரிக்கைகளை ஈண்டுக் கூறுவது கடமை.

முதலாவது, விழுக்காடு வேறு, எண்ணிக்கை வேறு. மாநிலங்களுள் இந்தியர் விழுக்காடு மிகுந்தது நெகிரி செம்பிலான். எனினும், இந்தியர் எண்ணிக்கையில் முதலிடம் வகிப்பது சிலாங்கூரே. முன்னதன் மொத்த மக்கள்தொகை 2020-இல் ஏறத்தாழ 12 இலட்சம். பின்னதன் மக்கள்தொகை ஏறத்தாழ 70 இலட்சம். அடர்ந்த வண்ணத்தைக் கண்டவுடன் "இங்கேதான் பிள்ளைகள் மிகுதி" என்று முடிவு கட்டிவிடலாகாது. வகுப்பறையை நிரப்புவது விழுக்காடன்று, தலைகளின் எண்ணிக்கை.

இரண்டாவது, தொகுதியின் சராசரி உங்கள் தெருவின் நிலையன்று. ஒரே தொகுதிக்குள் மாடமாளிகையும் இருக்கும். மலிவுவிலை அடுக்குமாடியும் இருக்கும். இரண்டையும் கலந்து ஒரே வண்ணம் பூசுகிறது வரைபடம். "வசதியான தொகுதிதானே, பள்ளிப் பேருந்துக் கட்டணத்துக்கு உதவி எதற்கு?" என்று எவரேனும் கேட்டால், அந்த வண்ணத்தை நம்பித்தான் கேட்கிறார் என்று கொள்க. மேலும், தொகுதி எல்லையை ஒட்டி நிற்கும் பள்ளிக்கு மாணவர்கள் பக்கத்துத் தொகுதியிலிருந்தும் வருவர்.

மூன்றாவது, கணக்கெடுப்பில் 'இந்தியர்' என்பது தமிழரை மட்டும் குறிப்பதன்று. தெலுங்கர், மலையாளிகள், பஞ்சாபியர் ஆகியோரும் அதில் அடங்குவர்.

எனவே, அரசாங்கத் தரவு பாதி வேலையைத்தான் செய்யும். மீதியை நாம் செய்ய வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி மேலாளர் வாரியமும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினால் போதும். கூகுளின் 'மை மேப்ஸ்' போன்ற இலவசச் செயலியில் நம் பள்ளியைக் குறியுங்கள். சுற்றிலுமுள்ள பாலர் பள்ளிகள், அடுக்குமாடிகள், புதிய வீடமைப்புத் தாமான்கள், பேருந்து செல்லும் வழிகள், பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகள் ஆகியவற்றைக் குறியுங்கள். பிறகு, இப்போதைய மாணவர்கள் எந்தெந்தத் தாமானிலிருந்து எத்தனை பேர் வருகின்றனர் என்ற எண்ணிக்கையை மட்டும் இடுங்கள். பிள்ளைகளின் பெயரையோ வீட்டு முகவரியையோ எக்காரணத்தாலும் இணையத்தில் ஏற்றாதீர்கள்.

நம் மக்கள் நிறைய வாழும் ஒரு தாமானிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லையெனில், அங்கேதான் நாம் கதவைத் தட்ட வேண்டும். ஏன் வரவில்லை என்பதை வரைபடம் சொல்லாது. அந்த வீட்டுத் தாய்தான் சொல்வார். பேருந்து இல்லாமை காரணமாக இருக்கலாம். மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை காரணமாக இருக்கலாம். பேருந்துக்குத் தீர்வு பேருந்துதான், மொழிப்பற்று உரையன்று.

சுற்றுவட்டாரம் முழுவதும் குழந்தைகளே அருகிவிட்டனர் எனத் தெரிந்தால், அந்த உண்மையையும் நேர்கொண்டு பார்ப்போம். பள்ளியை இடமாற்றக் கோரும் மனுவில் கண்ணீரைவிட எண்கள் உரத்துப் பேசும். எங்கே மாற்றுவது என்பதையும் நிலம் கிடைத்த இடம் தீர்மானிக்க விடாமல், பிள்ளைகள் வாழும் இடம் தீர்மானிக்கட்டும். அருகிலுள்ள இன்னொரு தமிழ்ப்பள்ளியின் மாணவர்களைப் பங்கு போட்டுக்கொள்வது வளர்ச்சியாகாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணிதப் பாடத்தில் 'தரவைக் கையாளுதல்' கற்பிக்கிறோம். பாடநூலில் உள்ள பழங்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், மாணவரின் சொந்த மாவட்டத்தைத் திரையில் காட்டுங்கள். விழுக்காட்டுக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை ஆறாம் ஆண்டு மாணவர் அங்கே கண்டுகொள்வர். நாளை எவரேனும் வண்ணப் படத்தைக் காட்டி ஏதேனும் விற்க வந்தால், "இஃது எந்த ஆண்டுக் கணக்கு?" என்று கேட்கும் துணிவும் அவர்களுக்கு வரும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். தமிழ்ப்பள்ளிக்காக நாம் செலவிடும் உழைப்பையும் பணத்தையும் இனியேனும் அளந்து, உரிய இடத்தில் போடுவோம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.