தோட்டத்துக்கும் ஓய்வுக்காலம் வேண்டும்

வீட்டுத் தோட்டம் போடுவதில் ஜனங்களுக்கு இந்நாளில் உண்டாகியிருக்கும் உற்சாகம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் அந்த உற்சாகம் தை மாதத்துக் குளிர்ச்சியில் பிறந்து, சித்திரை முடிவதற்குள் வாடிய தக்காளிச் செடியோடு மடிந்துபோவதைச் சென்னையிலும் அதையடுத்த கடற்கரைப் பிரதேசங்களிலும் வருஷந்தோறும் காண்கிறோம். இதற்குக் காரணம் தோட்டம் போட்டவரின் சோம்பல் அன்று. பன்னிரண்டு மாதமும் காய்த்தாக வேண்டும் என்று அவர் செடியை வற்புறுத்துவதே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

குளிர்தேசத்தார் பனி கொட்டும் மாதங்களில் தோட்ட வேலையை நிறுத்திவிட்டு வசந்தத்துக்குக் காத்திருப்பதை எவரும் தோல்வி என்று கருதுவதில்லை. நமக்கு அந்த ஓய்வுக்காலம் கோடையில் வருகிறது. மே மாதத்தில் கத்திரி வெயில் காயும்போது, பகல் உஷ்ணம் 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறி இரவிலும் தணியாதிருந்தால், தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்து, பூவானது பிஞ்சாகாமலே உதிர்கிறது. நாளைக்கு எத்தனை முறை தண்ணீர் ஊற்றினாலும் இதற்குப் பரிகாரம் இல்லை. கிணற்று நீர் உவர்ப்பாயிருக்கும் தெருக்களிலோ, ஊற்ற ஊற்ற நீர் ஆவியாகி உப்பு மட்டும் தொட்டியில் தங்குவதால், தாகம் தீர்க்கப் போனவர் வேரைக் கருக்கியவராகிறார்.

பட்டம் பார்த்து விதைத்த நம் முன்னோரின் வழக்கத்தில் சாஸ்திர நியாயம் இருக்கிறது என்பதற்கு அவரை ஒன்றே போதும். நாட்டுக் கொடி அவரை, பகற்பொழுது குறுகும்போதே பூக்கும் சுபாவமுடையது. ஆடியில் ஊன்றிய விதை மழைக்காலத்தில் பந்தலேறி, மார்கழியிலும் தையிலும் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும்; அதே விதையைப் பங்குனியில் ஊன்றினால், பொழுது நீண்டுகொண்டே போவதால், கொடியும் இலையுமாகப் பந்தலை நிறைத்துவிட்டுப் பூவைக் காட்டாது. உரம் போதவில்லை என்று எண்ணி மேன்மேலும் எருவிடுவது வீண் பிரயத்தனம்.

ஆகையால், கீழைக் கடற்கரையில் வசிப்பவர் தம் தோட்டத்து வருஷப்பிறப்பை ஆடியில் வைத்துக்கொள்வது உசிதம். மாலை இடிமழை தலைகாட்டும் அந்நாட்களில் அவரை, பாகல், புடல், பீர்க்கு ஆகியவற்றை ஊன்றி, கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று விடலாம். சென்னையின் வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுவதால், ஐப்பசியில் புதிதாகக் கீரை விதைப்பதை நிறுத்தி, தொட்டியில் நீர் தேங்காமல் வடிகிறதா என்று பார்ப்பதே பிரதான வேலை; இல்லையேல் இளம் நாற்றுகள் தண்டடியில் அழுகிச் சாயும். மழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழி, தை மாதங்கள் தக்காளிக்கும் முள்ளங்கிக்கும் கொத்தமல்லிக்கும் உரியவை. மாசி போனபின் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை என்று வெயில் தாங்குவனவற்றோடு திருப்தியடைய வேண்டும்.

கத்திரி வெயிலிலோ, முருங்கை, கறிவேப்பிலை, பிரண்டை இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றத் தொட்டிகளைக் காலி செய்துவிடலாம். காலியான தொட்டியில் மண்ணை நனைத்து, கண்ணாடிபோல் வெளிச்சம் ஊடுருவும் பாலிதீன் தாளால் காற்றுப் புகாமல் நான்கிலிருந்து ஆறு வாரம் மூடி வைத்தால், உள்ளே ஏறும் சூட்டில் நூற்புழுக்களும் பூஞ்சைகளும் களை விதைகளும் பெருமளவு அழியும். பின்னர் மக்கிய எருவைக் கலந்து, சருகால் மூடாக்கு இட்டு வைத்தால், ஆடிக்கு மண் தயாராயிருக்கும். செடியை வதைக்கும் அதே சூரியனிடம் கூலியில்லாமல் வேலை வாங்குவது இவ்விதம் சாத்தியமாகிறது.

மேலே சொன்ன கணக்கு எல்லா ஊருக்கும் பொருந்தாது. இரு பருவ மழையும் பெறும் நாகர்கோவிலுக்கும், கணவாய்க் காற்று வீசும் கோயம்புத்தூருக்கும், வறண்ட இராமநாதபுரத்துக்கும் ஒரே அட்டவணை உதவாது. தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத்துக்கென மானிய விலையில் பைகளும் விதைகளும் அளித்துவந்திருக்கிறது. அவை ஆடி பிறக்குமுன் கைக்குக் கிடைப்பதோடு, அந்தந்த ஜில்லாவுக்குரிய பட்டக் குறிப்பு ஒன்றும், விதைக்கலாகாத மாதங்களையும் தெளிவாகச் சொல்லி, உடன் வருமானால், மானியத்தில் செலவாகும் பொதுப் பணம் ஒரு கோடையோடு ஆவியாகாது.