ஐந்தாண்டுக்குள் மூன்று மாற்றம்: அமெரிக்க ராணுவத்தின் உடற்தகுதித் தேர்வில் என்ன சிக்கல்?

அமெரிக்கத் தரைப்படையில் பதவி உயர்வு கிடைப்பதும், படையில் நீடிப்பதும்கூட ஓர் உடற்தகுதித் தேர்வைப் பொறுத்தே இருக்கிறது. 1980 முதல் சுமார் 40 ஆண்டுகள் அந்தத் தேர்வு பெரிதாக மாறவில்லை. இரண்டு நிமிடம் தண்டால், இரண்டு நிமிடம் சிட்-அப், இரண்டு மைல் ஓட்டம், அவ்வளவுதான். ஆனால் 2020 அக்டோபருக்கும் 2025 ஜூனுக்கும் இடையில் மட்டும் மூன்று முறை மாறிவிட்டது. உலகிலேயே அதிகப் பணம் செலவழிக்கும் ராணுவம், ஒரு தேர்வை மாற்றுவதில் ஏன் இப்படித் தடுமாறியது?

மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. காயம்பட்ட தோழரை இழுத்து வருவதும், குண்டுப் பெட்டிகளைத் தூக்குவதும்தான் களத்தில் உள்ள வேலை. தண்டால் எண்ணிக்கை அதை அளக்காது. எனவே எடை தூக்குதல், பந்தைப் பின்னோக்கி எறிதல், கைகளைத் தரையிலிருந்து விடுவித்து எடுக்கும் தண்டால், ஓடி இழுத்துச் சுமத்தல், கம்பியில் தொங்கி முழங்காலை முழங்கை வரை உயர்த்துதல், இரண்டு மைல் ஓட்டம் என ஆறு பிரிவுகள் கொண்ட புதிய தேர்வை வகுத்தார்கள். 2018 அக்டோபரில் சுமார் 60 பட்டாலியன்களில் வெள்ளோட்டம் தொடங்கியது.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. பழைய தேர்வுக்கு ஒரு மைதானமும் ஒரு ஸ்டாப் வாட்சும் போதும். புதியதற்கு அறுகோணக் கம்பி, எடைத் தட்டுகள், நாலரை கிலோ பந்து, 40 கிலோ சுமை ஏற்றிய இழுவைப் பலகை, தலா 18 கிலோ கொண்ட இரண்டு இரும்புக் குண்டுகள், 25 மீட்டர் ஓடுபாதை எல்லாம் வேண்டும். அதே பலகை காய்ந்த புல்லில் ஒரு மாதிரியும் ஈரப் புல்லில் வேறு மாதிரியும் இழுபடும். வினாடிக் கணக்கில் மதிப்பெண் போடும் தேர்வில் இது சின்ன விஷயமா?

இதைவிடப் பெரிய சங்கடம் நேஷனல் கார்டு, ரிசர்வ் வீரர்களுக்கு. அமெரிக்கத் தரைப்படையில் பாதிக்கும் மேற்பட்டோர் இவர்கள்தாம். மற்ற நாட்களில் ஆசிரியராகவோ லாரி ஓட்டுநராகவோ இருப்பவர்கள். பொதுவாக மாதத்தில் ஒரு வார இறுதியில்தான் சீருடை அணிகிறார்கள். முகாமிலிருந்து வெகு தொலைவில் வசிப்பவருக்கு அந்தக் கருவிகளோடு பழக வழி ஏது? போதாக்குறைக்கு 2020இல் கொரோனா வந்து உடற்பயிற்சிக் கூடங்களையும் மூடிவிட்டது.

முதலில் வகுத்த அளவுகோலில் ஆண், பெண், வயது என்ற வேறுபாடே இல்லை. வேலையின் கடினத்தைப் பொறுத்தே தேர்ச்சி மதிப்பெண். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பெண்களில் பெருவாரியானோர் கம்பியில் தொங்கும் பிரிவில் ஒருமுறைகூட முழங்காலை உயர்த்த முடியாமல் தோற்றார்கள். நாடாளுமன்றம் தலையிட்டுத் தனி ஆய்வு கேட்டது. ரேண்ட் நிறுவனம் 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, பெண் சிப்பாய்களில் ஏறக்குறைய பாதிப் பேரே தேறுகிறார்கள் என்றது. சில பிரிவுகளுக்கும் போர்ப் பணிக்கும் உள்ள தொடர்பே போதிய அளவு நிறுவப்படவில்லை என்றும் சொன்னது. நம் பார்வையில், வெள்ளோட்டத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டிய ஆய்வு இது.

தொங்கும் பிரிவு போய் பிளாங்க் வந்தது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற மதிப்பெண் முறையும் வந்தது. பிரசவித்த பெண்களுக்கு ஓராண்டு விலக்கு அளிக்கப்பட்டது. பெண்கள் எல்லோரும் பாலின வேறுபாட்டைக் கேட்டார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் முதல் பெண் காலாட்படை அதிகாரியான கிறிஸ்டன் கிரீஸ்ட், தனி அளவுகோல் வைத்தால் பெண்களின் தகுதியையே மற்றவர்கள் சந்தேகிப்பார்கள் என்று 2021இல் வெளிப்படையாக எழுதினார்.

2025 ஜூனில் மறுபடியும் மாற்றம். பந்து எறிதல் நீக்கப்பட்டு ஐந்து பிரிவுகளானது. 21 போர்ப் பணிகளுக்கு ஆண், பெண் வேறுபாடின்றி 500க்கு 350 மதிப்பெண் வேண்டும். மற்றவர்களுக்கு 300 போதும். ஆனால் போர்ப் பணியிலும் வயதுச் சலுகை தொடர்கிறது. களம் பாலினம் பார்க்காது என்றால் வயதை மட்டும் பார்க்குமா என்ற கேள்வி நமக்கு எழாமல் இல்லை.

அந்தக் கேள்விக்குள்தான் முழுக் குழப்பமும் இருக்கிறது. ஒருவர் தம் வயதுக்கும் உடலுக்கும் ஏற்ப ஆரோக்கியமாக இருக்கிறாரா என்று பார்ப்பது ஒன்று. குறிப்பிட்ட வேலையை அவரால் செய்ய முடியுமா என்று பார்ப்பது வேறொன்று. முதலாவதற்கு வேறுபாடு அவசியம், இரண்டாவதற்கு அது பொருந்தாது. இரண்டையும் ஒரே தேர்வில் அடைக்க முயன்றதால்தான் ஒவ்வொரு திருத்தமும் அடுத்த திருத்தத்துக்குக் காரணமாயிற்று. இடையில் அலைக்கழிந்தது, இந்த ஆண்டு எந்த அளவுகோல் என்று தெரியாமல் பயிற்சி எடுத்த வீரர்களும் அவர்களின் குடும்பங்களும்தாம்.

போர்ப் பணியாளருக்கான புதிய அளவு, முழுநேர வீரர்களுக்கு 2026 ஜனவரியிலிருந்தும் கார்டு, ரிசர்வ் வீரர்களுக்கு ஜூனிலிருந்தும் என அறிவிக்கப்பட்டது. பின்னவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஐந்து மாதம். மாதம் ஒரு வார இறுதி என்று கணக்கிட்டால், ஐந்தே ஐந்து வார இறுதிகள்.