குடலுக்கு மூச்சு முட்டும்போது

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் யாருக்காவது திடீரென்று வயிறு வலித்தால், ‘கேஸாத்தான் இருக்கும்’ என்று ஒரு சோடா, கொஞ்சம் ஓமவாட்டர், மெடிக்கலில் ஒரு மாத்திரை. பெரும்பாலும் வலி அடங்கியும் விடுகிறது. அதனால் அந்தப் பழக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் குடலுக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு வரும் வலியை அந்தக் கணக்கில் சேர்த்தால் உயிர் போய்விடும்.

குடலின் நரம்புகள் தோலின் நரம்புகளைப் போன்றவை அல்ல. வெட்டினாலும் சுட்டாலும் குடலுக்குப் பெரிதாக உறைப்பதில்லை. உப்பினாலோ, இழுபட்டாலோ, ரத்தம் குறைந்தாலோ துடித்துப்போகும். நாம் சும்மா இருக்கும்போதே இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வயிற்று உறுப்புகளுக்குப் போகிறது. அந்த வரத்து நின்றால், ஆக்சிஜன் இல்லாமல் சமாளிக்கப் பார்க்கும் செல்களில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அந்த அமிலமும், செல்களிலிருந்து கசியும் பொட்டாசியமும், அங்கே உருவாகும் பிராடிகினின் போன்ற பொருள்களும் நரம்பு முனைகளை உசுப்பிவிடுகின்றன. குடல் தசையும் முறுக்கிக்கொள்கிறது.

இந்தச் செய்தியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகும் இழைகள் மெல்லியவை, எண்ணிக்கையில் குறைந்தவை, பல கணுக்களில் பரவி நுழைபவை. ஆகவே மூளையால் இடத்தைச் சரியாகக் குறிக்க முடியாது. சிறுகுடலின் வலி தொப்புளைச் சுற்றித்தான் தெரியும். வயிற்றின் உட்சுவரை மூடிய சவ்வுக்குத்தான் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் நரம்புகள் உண்டு. தொடக்கத்தில் பாதிப்பு அதுவரை போயிருக்காது. அதனால் நோயாளி உருண்டு புரள்வார். மருத்துவர் அமுக்கிப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருக்கும். இந்தப் பொருத்தமின்மையே முக்கியமான துப்பு. ‘வயிறு சாஃப்டாத்தானே இருக்கு’ என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் நேரம், உண்மையில் பதற வேண்டிய நேரம்.

அதைவிட ஏமாற்றுவது அடுத்த கட்டம். சில மணி நேரத்தில் வலி தானாகக் குறையலாம். நரம்புக்கும் ஆக்சிஜன் வேண்டும். அது கிடைக்காதபோது நரம்பும் ஓய்ந்துபோகிறது. ரத்தம் அறவே நின்றால் ஏறக்குறைய 6 மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கலாம். பிறகு வலி வயிறு முழுக்கத் திரும்பும், வயிறு பலகைபோல் இறுகும். அப்போது அறுவை சிகிச்சை செய்தாலும் காப்பாற்றுவது கடினம்.

மெதுவாக வரும் வகையும் உண்டு. பல ஆண்டு பீடி, சிகரெட், சர்க்கரை நோயால் ரத்தக்குழாய் சுருங்கியவர்களுக்குச் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் வயிறு பிசையும். செரிமானத்துக்குக் கூடுதல் ரத்தம் தேவைப்படும் வேளை அது. வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பார்கள், உடம்பு இளைத்துக்கொண்டே போகும். இதை ‘அல்சர்’ என்று மாதக்கணக்கில் மாத்திரை போட்டுத் தள்ளிப்போடக் கூடாது.

சாதாரண ஸ்கேனிலும் எக்ஸ்ரேயிலும் இந்த அடைப்பு தெரியாமல் போகலாம். ரத்தக்குழாயைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் தேவை. எர்ஸ்கின் ஆஸ்பத்திரியாக இருந்து இன்று அரசு ராஜாஜி மருத்துவமனையாக இருக்கும் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ, அந்த வசதியுள்ள வேறு மருத்துவமனைக்கோ 108-ஐ அழைத்து நேராகப் போவதே நல்லது. போனதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, நடுவில் குறைந்ததா, இதயத் துடிப்பு சீரில்லை என்றோ வால்வு கெட்டிருக்கிறது என்றோ யாராவது முன்பு சொன்னார்களா, ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை இடையில் நிறுத்தியதுண்டா.