படித்தால் மட்டும் போதுமா?

ரந்தாவ் வட்டாரத்தில் நான் வளர்ந்த தோட்டத்தில் ஒரு சிறிய படிப்பகம் இருக்கிறது. கோயிலுக்குப் பக்கத்தில், பழைய லயங்களைப் பார்த்தவாறு நிற்கும் ஓர் அறைதான் அது. ஒரு மேசை, இரண்டு நீண்ட பெஞ்சுகள், ஓர் அலமாரி ஆகியவையே அங்குள்ள பொருள்கள். நாள்தோறும் ஒரு தமிழ் நாளிதழ் வருகிறது. மாலையில் நான்கைந்து பேர் வந்து படித்துவிட்டுப் போகிறார்கள்.

அண்மையில் தோட்டத்து இளைஞர்கள் சிலர் ஒரு கருத்தை முன்வைத்தனர். "படிப்பகத்தில் மாதம் ஒரு முறை கலந்துரையாடல் நடத்தலாமே" என்றனர். ஒரு பெரியவர் சிரித்தார். "இருக்கிற பேப்பரைப் படிக்கவே ஆள் இல்லை, தம்பி. பேசுவதற்கு யார் வரப்போகிறார்கள்?" என்று கேட்டார். அன்று முதல் தோட்டத்தில் இரண்டு தரப்புகள் உருவாகிவிட்டன. வாசிப்போடு கலந்துரையாடலையும் சேர்ப்பது பயனுள்ளதா, வீண் வேலையா என்பதே கேள்வி. பயனுள்ளது என்பதே என் கருத்து. ஆனால், அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு.

முதலில் ஓர் உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். நம் தோட்டங்களில் வாசிப்பு என்பது ஒரு காலத்தில் தனி ஒருவர் செய்த செயலாக இருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்ததால், ஒருவர் நாளிதழை உரக்கப் படிப்பார். சுற்றி அமர்ந்தவர்கள் கேட்பார்கள். படித்து முடித்தவுடன் பேச்சு தொடங்கும். ரப்பர் விலை ஏறுமா, கூலி உயருமா, ஊரில் மழை பெய்ததா என்று கேள்விகள் எழும். எல்லாரும் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு, அவரவர் தனியே படிக்கத் தொடங்கினோம். அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால், படித்ததைப் பற்றிக் கூடிப் பேசும் பழக்கம் மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது.

வாசகர்கள் கூடிப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1935ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட 'தமிழ் முரசு' இதழை மலாயாத் தோட்டங்களிலும் பலர் படித்தனர். அதன் ஆசிரியராக விளங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் மாணவர்களுக்கெனத் தனிப் பகுதி ஒன்றை ஏற்படுத்தினார். 'மாணவர் மணிமன்றம்' என்ற பெயரில் வந்த அந்தப் பகுதியில் மாணவர்களே கதை, கவிதை, கட்டுரை எழுதினார்கள். அதோடு அது நின்றுவிடவில்லை. அதைப் படித்த இளையோர் நகரங்களிலும் தோட்டங்களிலும் மணிமன்றங்களை அமைத்தனர். அங்கே கூடிப் பேசினர், சொற்போர் நடத்தினர், நாடகம் போட்டனர். பிற்காலத்தில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் விளங்கிய பலர் அந்த மன்றங்களில்தான் முதன்முதலில் வாய் திறந்து பேசினார்கள். இன்றும் மணிமன்றம் என்னும் பெயர் நம் நாட்டில் ஓர் இளைஞர் இயக்கத்தின் பெயராக வழங்குகிறது.

நம் மாநிலத்திலேயே மற்றொரு சான்றையும் காணலாம். போருக்குப் பின், 1946ஆம் ஆண்டில், நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதை வழிநடத்திய பி.பி. நாராயணன், 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரானார். 1975இல் அனைத்துலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்றின் தலைவராகவும் உயர்ந்தார். கூலி குறைவு என்பதைத் தொழிலாளர்கள் நாளிதழைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது அவர்களின் சட்டைப் பையிலேயே தெரிந்தது. ஆனால், பல தோட்டத்தார் ஓர் இடத்தில் கூடிப் பேசியபோதுதான் அவரவர் குறை எல்லாருடைய கோரிக்கையாக மாறியது.

கூடிப் பேசுவதால் அறிவு வளரும் என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் 1941ஆம் ஆண்டு முதல் உழவர்கள் குழுக் குழுவாக அமர்ந்து வானொலி நிகழ்ச்சியைக் கேட்டு, அதைப் பற்றிக் கலந்துரையாடினார்கள். அதே முறையை 1956ஆம் ஆண்டில் யுனெஸ்கோவும் அகில இந்திய வானொலியும் புனே நகரைச் சுற்றிய பகுதிகளில் செயல்படுத்தின. ஏறக்குறைய 150 கிராமங்களில் வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. வாரம் இருமுறை, அரை மணி நேர நிகழ்ச்சி ஒலிபரப்பானது. கிராமத்தார் அதைக் கேட்டபின் கூடிப் பேசித் தங்கள் கேள்விகளை வானொலிக்கு அனுப்பினார்கள். பின்னர் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மன்றம் இருந்த கிராமங்களில் மக்களின் அறிவு நன்கு வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத கிராமங்களில் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. இரண்டு வகைக் கிராமங்களுக்கும் எட்டியது ஒரே வானொலிதான். ஒன்றில் பேச்சு இருந்தது; மற்றொன்றில் இல்லை. வேறுபாடு அவ்வளவே.

இது ஏன் நிகழ்கிறது? எங்கள் தோட்டத்தில் நான் கண்ட ஒன்றைச் சொன்னால் விளங்கும். நாட்டில் 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறார்கள். தமிழ்ப்பள்ளிகள் பல இந்த நிலையில் உள்ளன. இதைப் பற்றிய செய்தி ஒருநாள் நாளிதழில் வந்தது. படித்தவர்கள் பெருமூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்பினார்கள். சில நாள்களுக்குப் பின், கோயிலில் அன்னதானத்தின்போது தற்செயலாக அதே பேச்சு எழுந்தது. "தாமானுக்குக் குடிபோன பிறகு பிள்ளையைக் கொண்டுவந்து விட வண்டி இல்லை. அதனால்தான் தமிழ்ப்பள்ளியை விட்டு மாற்றினேன், அண்ணே" என்றார் ஒரு தாய். பக்கத்தில் இருந்தவர் பள்ளி வேன் ஓட்டுபவர். "அந்தப் பக்கம்தானே தினமும் போகிறேன், தங்கச்சி. வண்டியில் மூன்று இடம் காலியாக இருக்கிறதே!" என்றார். ஒருவருக்குச் சிக்கல் தெரியும். மற்றவரிடம் தீர்வு இருந்தது. நாளிதழ் இருவர் கைக்கும் போனது. ஆனால், அவர்களைச் சந்திக்க வைத்தது பேச்சுதான்.

கலந்துரையாடலை எதிர்ப்பவர்கள் கூறும் காரணங்களையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. முதலாவது, ஆள் வரமாட்டார்கள் என்பது. இது நியாயமான அச்சம். பெரிதாக அறிவித்துவிட்டு, காலி நாற்காலிகளுக்கு முன் நிற்பதைவிடத் தொடங்காமல் இருப்பதே நல்லது. ஆனால், கலந்துரையாடலுக்குக் கூட்டம் தேவையில்லை. ஐந்து பேர் மனம் திறந்து பேசினாலே போதும். நாளிதழ் படிக்க வரும் அந்த நான்கைந்து பேரிடமிருந்தே தொடங்கலாம்.

இரண்டாவது, பேச்சு சண்டையாக மாறிவிடும் என்பது. தோட்டம் சிறிய இடம். மாலையில் வாக்குவாதம் செய்தவரின் முகத்தில்தான் காலையில் வேலைக்குப் போகும்போது விழிக்க வேண்டும். எனவே, நெறியாளர் ஒருவர் கட்டாயம் வேண்டும். கருத்தை மறுக்கலாம், ஆளை இழிவுபடுத்தக் கூடாது என்பதை அவர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, எப்போதும் பேசுகிறவர்களே இங்கும் பேசுவார்கள் என்பது. இதுவும் உண்மையே. விடியுமுன் எழுந்து, வேலைக்குப் போய், மாலையில் அடுப்படியில் நிற்கும் பெண்கள் இரவுக் கூட்டத்திற்கு எப்படி வருவார்கள்? அவர்களுக்கு ஏற்ற நேரத்தை அவர்களிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும். மாணவர்களும் அச்சமின்றிப் பேச இடம் தர வேண்டும். வேன் செய்தியில் முதலில் பேசியவர் ஒரு தாய் என்பதை மறந்துவிடக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. கலந்துரையாடலுக்குப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். கதவைத் திறப்பது, பெஞ்சுகளைத் துடைப்பது, தலைப்பை முன்கூட்டியே அறிவிப்பது, பேசியதைக் குறித்து வைப்பது ஆகியவை யாரோ ஒருவர் செய்ய வேண்டிய வேலைகள். எழுந்த கேள்விக்குப் பதில் தேடி, அடுத்த மாதம் வந்து சொல்வதும் அவர் கடமையே. புனே கிராமத்தார் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் வந்தது. பதில் வராத இடத்தில் இரண்டு மாதத்திற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அத்தகைய ஒருவர் கிடைக்காவிட்டால், படிப்பகம் படிப்பகமாகவே இருக்கட்டும். செடியை நட்டுவிட்டு நீர் ஊற்றாமல் விடுவதில் பயன் இல்லை.

இன்று நெகிரி செம்பிலானில் பால்மரங்கள் நின்ற பல இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் காணப்படுகின்றன. ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் எனப் பிரிந்து போய்விட்டன. முன்பு கூடிப் பேசுவதற்குத் தனியே ஏற்பாடு தேவைப்படவில்லை; வாசலில் உட்கார்ந்தாலே போதும். இப்போது அந்த வாசல் இல்லை. ஆகவே, கூடிப் பேசும் இடத்தை நாமே உருவாக்க வேண்டியிருக்கிறது.

மாணவர்களே, இது பெரியவர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகம் சுவரிதழோ ஆண்டிதழோ வெளியிடலாம். அதைப் படிப்பவர்கள் கூடிப் பேசவும் ஒரு நாளை ஒதுக்குங்கள். உங்களில் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். ஐந்து பேருடன் தொடங்குங்கள்.

எங்கள் படிப்பகத்திற்கும் பொறுப்பாளர் ஒருவர் கிடைத்துவிட்டார். அன்று சிரித்த பெரியவர்தான் அவர். "கதவைத் திறந்து வைக்கிறேன், தம்பி. யார் வருகிறார்கள் என்று பார்ப்போம்" என்றார். முதல் கூட்டத்தின் தலைப்பு, நம் பள்ளிக்குப் பிள்ளைகள் வர என்ன செய்யலாம் என்பது. வேன் ஓட்டும் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.