பாட்டை இயக்கி எடுபிடி வேலை அன்று

ஒரு நாடு சொந்தமாகச் செயலியை வடிவமைத்துவிட்டால் கணினித் துறையில் தற்சார்பு கைகூடிவிடும் என்றும், அதன்பின் எஞ்சுவதெல்லாம் கையேட்டைப் பார்த்து யாரும் எழுதிவிடக்கூடிய எடுபிடி வேலை என்றும் ஒரு நம்பிக்கை தமிழகத்துப் பொறியியல் வட்டாரங்களில் வேரூன்றிக் கிடக்கிறது. அவ்வாறு ஒதுக்கப்படும் பணிகளுள் முதன்மையானது, கெர்னலுக்குள் பாட்டை இயக்கிகளை வடிவமைக்கும் பணி. வன்பொருளுக்கும் பயன்பாட்டு நிரல்களுக்கும் நடுவே நின்று இரண்டையும் ஆள்கிற இயக்குதளத்தின் மையப் பகுதியே கெர்னல். செயலியையும் ஏனைய பாகங்களையும் இணைக்கும் கம்பித் தொகுதியும், அதன் வழியே யார் எப்போது பேசலாம் என்ற விதிகளும் சேர்ந்ததே பொறியாளர்கள் பஸ் என்று வழங்கும் பாட்டை. அந்தப் பாகங்களோடு பேசும் கெர்னல் நிரலே இயக்கி. இந்தப் பணியை இளக்காரமாகப் பார்க்கும் நம்பிக்கை பிழையானது. கைக்கெட்டும் தூரத்தில் உள்ள ஒரு துறையிலிருந்து இளைஞர்களை விலக்கி வைப்பதால் அது கேடானதும் கூட.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் உருவான 'சக்தி' திட்டம், 2018ஆம் ஆண்டில் இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையில் ரைஸ்கிரீக் சில்லையும், சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் அளவில் ரிமோ சில்லையும் பெற்றது. அது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் 'சக்தியில் லினக்ஸ் இயங்கியது' என்ற செய்தியைக் கொண்டாடியவர்களுள், அந்த லினக்ஸுக்குத் தன்னைச் சுற்றி என்னென்ன பாகங்கள் உள்ளன என்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. சில்லுக்குள் இருக்கும் தொடர்முனையமும் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியும் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்வதில்லை. எந்த முகவரியில் எது இருக்கிறது என்பதை 'டிவைஸ் ட்ரீ' எனப்படும் விவரப் பட்டியலாக எழுதிக் கெர்னலிடம் கொடுத்தாக வேண்டும். அதைப் படித்து, ஒவ்வொரு பாகத்தையும் அதற்குரிய இயக்கியோடு பொருத்துவது பாட்டை அடுக்கின் வேலை. அந்த அடுக்கு இல்லையெனில் மிகச் சிறந்த செயலியும் ஊமையாகவே கிடக்கும்.

பி.சி.ஐ., யு.எஸ்.பி. போன்ற பாட்டைகளில் பாகங்கள் தம் பெயரைத் தாமே சொல்வதால் வேலை எளிதாகிவிட்டது என்று இதற்கு மறுப்புச் சொல்லப்படுவதுண்டு. பி.சி.ஐ.யில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் கதவு கதவாகத் தட்டுவதுபோலக் கெர்னல் ஒவ்வோர் இடத்திலும் உற்பத்தியாளர் எண்ணைக் கேட்கிறது என்பதும், ஆளில்லாத இடத்திலிருந்து எல்லாப் பிட்டுகளும் 1 ஆக விடை வருகிறது என்பதும் உண்மையே. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பாகத்தைத் திடீரெனக் கழற்றிவிட்டாலும் பெரும்பாலும் அதே விடைதான் வரும். 'பணி நடக்கிறது' என்று காட்டும் பிட் 0 ஆகும்வரை காத்திருக்கும்படி எழுதப்பட்ட இயக்கி, இல்லாத பாகத்தின் அந்தப் பிட்டை 1 என்றே படித்துக்கொண்டு முடிவின்றிச் சுழலும். பாகம் வருவதை மட்டுமன்றி, எந்த நொடியிலும் அது போய்விடக்கூடும் என்பதையும் கணக்கில் கொண்டு, யார் கையில் அதன் நினைவகம் இன்னும் இருக்கிறது, அதை எப்போது விடுவிக்கலாம் என்று தீர்மானிக்கும் ஒழுங்கு எந்தக் கையேட்டிலும் ஆயத்தமாகக் கிடைப்பதில்லை. அது வடிவமைப்பாளர் எடுக்க வேண்டிய முடிவு.

ஐ-ஸ்கொயர்டு-சி பாட்டையின் நிலை இன்னும் நுட்பமானது. இரண்டே கம்பிகளில் இயங்கும் இந்த மலிவான பாட்டையில் பெயர் கேட்கும் முறையே கிடையாது. முகவரியைத் தொட்டுப் பார்த்துத்தான் அங்கே ஏதேனும் உண்டா என்று அறியலாம். வெப்ப உணரிகளைத் தேடுவதற்காக எழுதப்பட்ட ஒரு லினக்ஸ் கருவி அப்படித் தொட்டுப் பார்த்தபோது, ஐ.பி.எம்.மின் சில திங்க்பேட் மடிக்கணினிகளில் நிலைநினைவகத்தின் உள்ளடக்கம் சிதைந்து, அவை மீண்டும் தொடங்க மறுத்தன. இதன் விளைவாக, ஐ.பி.எம். கணினி என்று கண்டறிந்தால் செயல்படவே மறுக்கும்படி அந்தப் பாட்டையின் இயக்கி ஒன்றில் ஒரு சோதனை சேர்க்கப்பட்டது. எங்கே தேடக்கூடாது என்று அறிந்திருப்பதும் ஒரு பாட்டை இயக்கியின் கடமை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாகங்களை எழுப்பும் வரிசையும் இப்படிப்பட்டதே. நினைவக அட்டைக்கு மின்சாரம் தரும் பாகமே ஐ-ஸ்கொயர்டு-சி பாட்டையில் இருக்குமானால், அது எழும்வரை அட்டையின் இயக்கி காத்திருக்க வேண்டும். முன்தேவை வந்து சேராதபோது 'பிறகு முயல்க' என்று இயக்கி சொல்லிவிட்டு விலகும் ஏற்பாட்டை லினக்ஸ் 2012ஆம் ஆண்டில்தான் ஏற்றுக்கொண்டது. அதுவரை இந்த வரிசையைப் பொறியாளர்கள் போர்டுக்குப் போர்டு கைவேலையாகச் சரிக்கட்டிக்கொண்டிருந்தனர். லினக்ஸ் நிரலை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், சில வகைப் பிழைகள் கெர்னலின் பிற பகுதிகளைவிட இயக்கிகளில் 3 முதல் 7 மடங்கு அதிகம் என்று 2001ஆம் ஆண்டிலேயே காட்டினர். எடுபிடி வேலை என்று கருதி அரைகுறைக் கவனத்தோடு செய்யும் இடத்தில் பிழைகள் குவிவதில் வியப்பில்லை.

சில்லு வார்க்க ஆலை வேண்டும். அந்த ஆலை தென்காசியில் இல்லை, அண்மையில் வரப்போவதும் இல்லை. ஆனால் தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் ஒரு சாதாரணக் கணினியும் இணைய இணைப்பும் உள்ள ஒரு மாணவி, கியூஎமு என்னும் இலவசப் போலிமை மென்பொருளில் 'சக்தி'யின் சி வகுப்புச் செயலியை இன்றே ஓட்டிப் பார்க்கலாம். அதில் தொடர்முனையமும் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியும் உண்டு. அவற்றுக்கு விவரப் பட்டியல் எழுதி, இயக்கி பொருந்துகிறதா என்று சோதித்து, வேண்டுமென்றே ஒரு முகவரியைத் தவறாகக் கொடுத்து, கெர்னல் எந்த வரியில் மௌனமாகிறது என்று அவள் தேடலாம். மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் இயங்கும் இந்த வட்டாரத்துக்கு, மென்பொருள் எழுதப் பெருநகரம் தேவையில்லை என்று புதிதாக யாரும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இணையப் பயன்பாட்டு நிரல்களுக்குப் பொருந்திய அதே உண்மை கெர்னலுக்கும் பொருந்தும் என்று அவளிடம் சொல்ல வேண்டிய ஆசிரியர்களே, அது கடைநிலை வேலை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.